கார் எங்கே மூச்சு முட்டுகிறது? – வாசகர் கேள்வி பதில்

ஸ்போர்ட்ஸ் காரின் எக்ஸாஸ்ட், அதாவது என்ஜின் புகையை வெளியேற்றுகிற குழாய் அமைப்பு பற்றி எழுதச் சொல்லி வந்த கடிதங்கள் இரண்டு மாதமாகச் சேர்ந்துவிட்டன. பைப் வளைப்பதும் வெல்டிங் வைப்பதுமாகக் காருக்கு அடியிலேயே 26 வருடம் கழித்தவன் நான். பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சைலன்சர் வாங்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "உங்கள் கார் எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது?" அது தெரியாமல் மாற்றினால் சத்தம் கூடும், இழுவை கூடாது. இந்த இதழில் என் பக்கம் முழுக்க இந்தக் கேள்விகளுக்குத்தான்.

கே: 2 லிட்டர், 4 சிலிண்டர், டர்போ இல்லாத ஸ்போர்ட்ஸ் கூபே வைத்திருக்கிறேன். எக்ஸாஸ்ட்டை மேம்படுத்த ஆசை. ஆனால் குனிந்து பார்த்தால் ஒரே பைப்பாகத் தெரிகிறது. எது எதற்கு என்று முதலில் சொல்லுங்களேன் சார்.

ப: வாங்கும் முன்பே கேட்டீர்கள், சந்தோஷம். என்ஜினிலிருந்து பின்பக்கமாக நடந்து போவோம்.

முதலில் மேனிஃபோல்டு. நாலு சிலிண்டரிலிருந்து வரும் புகையை ஒன்றாகச் சேர்க்கிற வேலை அதற்கு. வார்ப்பிரும்பில் குட்டையாக இருந்தால் மேனிஃபோல்டு என்போம். தனித்தனிக் குழாய்களாக நீட்டி, வளைத்து, ஒரு இடத்தில் சேர்த்திருந்தால் ஹெடர் என்போம். அதை ஒட்டி முதல் ஆக்சிஜன் சென்சார். அப்புறம் புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சுருக்கமாக கேட்டலிஸ்ட்), அதன் பின்னால் இரண்டாவது சென்சார். பிறகு நடுப் பைப், அதில் குண்டாக, சத்தத்தைக் கொஞ்சம் அடக்குகிற ஒரு ரெசனேட்டர். கடைசியில் பெரிய சைலன்சர், வெளியே தெரிகிற டிப். இவ்வளவும் தொங்குவது நாலைந்து ரப்பர் மவுண்டுகளில்.

இந்தக் குழாய்க்குள் புகை ஆறு மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு தடவை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் ஓர் அடி விழுகிறது. 6000 ஆர்பிஎம்மில் உங்கள் காரில் ஒரு வினாடிக்கு 200 அடி. அந்த அடி ஓர் அழுத்த அலையாகக் குழாய்க்குள் ஓடும். சாதாரணக் காற்றில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகும். மேனிஃபோல்டில் கொதிக்கிற புகைக்குள் 600 மீட்டரை நெருங்கிவிடும். குழாய்கள் சேருகிற இடத்துக்கு வந்ததும் அலையின் ஒரு பங்கு திரும்புகிறது. திரும்பும்போது அது தள்ளுகிற அலை அல்ல, இழுக்கிற அலை. எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகிற, இன்டேக் வால்வு திறக்க ஆரம்பிக்கிற அந்த நேரத்தில் அது சரியாக வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கிற புகையை உறிஞ்சிக்கொண்டு போகும். அந்த இடத்துக்குப் புதுக் காற்று தானாக உள்ளே வரும். அதனால்தான் ஹெடரை நான் என்ஜினின் ஓர் உறுப்பாகவே பார்க்கிறேன்.

பின்பக்கத்து சைலன்சரின் வேலை வேறு. கழற்றிப் போட்ட கம்பெனி சைலன்சர் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். உள்ளே மூன்று அறைகள், நடுவில் இரண்டு தடுப்புத் தகடுகள். புகை முன்னறைக்குப் போய், திரும்பி வந்து, சல்லடை மாதிரி ஓட்டை போட்ட குழாய் வழியாக நடு அறைக்குள் நுழைந்து, அப்புறம்தான் வெளியே வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒலி தன்னைத் தானே மோதிக் கரைகிறது. நேர்க்குழாய் சைலன்சரில் இந்தச் சுற்றெல்லாம் இல்லை. ஓட்டை போட்ட ஒரே நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி நாரோ பசால்ட் நாரோ திணித்திருக்கும். புகை தடையில்லாமல் போகும், ஒலியின் ஒரு பங்கை நார் விழுங்கும். அந்த நார் வருடக்கணக்கில் வெந்து பொடியாகிப் பறந்துவிடும். "வாங்கினபோது இவ்வளவு சத்தம் இல்லையே" என்று சிலர் வந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கே: என்ஜினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும், முழுக்கத் திறந்துவிட்டால் பிக்கப் போய்விடும் என்கிறார் ஒரு மெக்கானிக். பெரிய பைப் போட்டால்தான் பவர் வரும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதை நம்ப?

ப: இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னழுத்தம் எந்த என்ஜினுக்கும் நல்லது செய்வதில்லை. சிலிண்டர் தன் புகையைத் தள்ளுவதற்கே சக்தியைச் செலவழிக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். என்ஜின் கேட்பது வேகம். குழாய் தேவைக்கு மேல் பருத்துவிட்டால் உள்ளே புகையின் வேகம் குறைந்து, அலை திரும்பும்போது தெம்பில்லாமல் வரும். அப்போது கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போகிறது. பின்னழுத்தம் போனதால் பிக்கப் போனது என்று முதல் மெக்கானிக் நினைக்கிறார். உண்மையில் போனது வேகம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழில் தொடங்கி இரண்டாவது வருடம், 1.6 லிட்டர் என்ஜின் உள்ள இரண்டு இருக்கைக் கார் ஒன்றுக்கு ஹெடர் செய்தேன். அந்த என்ஜினுக்கு 38 மில்லிமீட்டர் குழாயே போதும். நான் 51 மில்லிமீட்டரில் செய்தேன். பார்வைக்கு அவ்வளவு அழகு, வெல்டிங் எல்லாம் ஒரே சீர். ஆனால் குழாயின் வாய்ப் பரப்பு 1.8 மடங்காகிவிட்டது. கொண்டுபோன இளைஞர் மறுநாளே திரும்பி வந்தார். "அண்ணே, 4500-க்கு மேல நல்லாத்தான் போகுது. ஆனா சிக்னல்ல இருந்து எடுக்கவே மாட்டேங்குது" என்றார். அவர் ரேஸ் ஓட்டுகிறவர் இல்லை, தினமும் வேலைக்குப் போகிறவர். நாலு குழாயையும் அறுத்துப் போட்டுவிட்டு 38-இல் புதிதாகச் செய்து கொடுத்தேன். அவருக்கு அதற்குக் காசு வாங்கவில்லை.

ஹெடருக்குப் பின்னால் வருகிற நடுப் பைப்பில் இவ்வளவு நுணுக்கம் இல்லை. என் அனுபவத்தில், டர்போ இல்லாமல் 200 குதிரைத்திறன் வரை 2.5 அங்குலம் தாராளம். 3 அங்குலத்துக்குப் போனால் பரப்பு 44 சதவீதம் கூடும். அந்த இடம் உங்கள் என்ஜினுக்குத் தேவைப்படாது, எடையும் சத்தமும்தான் ஏறும். எத்தனை அங்குலம் என்பதைவிட எப்படி வளைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உள்ளே தாங்குக் கம்பி கொடுத்து வளைத்த பைப் வளைவிலும் முழு வட்டமாக இருக்கும். வெறுமனே அழுத்தி வளைத்தது வளைவில் சப்பிப்போயிருக்கும். விரலால் தடவினாலே தெரியும். சப்பிய 3 அங்குலத்தைவிட வட்டமான 2.5 அங்குலம் மேல்.

எங்கே அடைப்பு என்று ஊகிக்கவே வேண்டாம், அளந்துவிடலாம். முதல் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றுங்கள். அந்த 18 மில்லிமீட்டர் மரை ஓட்டையில் ஒரு மீட்டர் செம்புக் குழாயைப் பொருத்தி, மறுமுனையில் அழுத்தமானியை மாட்டுங்கள். ரப்பர் ஹோஸை நேராக மாட்டினால் வெந்துவிடும். டைனோவில் (கார் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டுச் சக்தியை அளக்கிற கருவி) நிறுத்தி முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி முள்ளைக் கவனியுங்கள். அப்புறம் அதே குழாயைப் பின் சென்சார் ஓட்டைக்கு மாற்றி இன்னொரு தடவை. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் கேட்டலிஸ்ட்டின் பங்கு. இரண்டாவது அளவு அதற்குப் பின்னால் உள்ள பைப், சைலன்சர் எல்லாவற்றின் பங்கு. பின்னாலே அழுத்தமே இல்லை என்று முள் காட்டினால், விலை உயர்ந்த சைலன்சர் உங்களுக்கு என்ன தந்துவிட முடியும்?

கே: டொயோட்டா ஜிடி86, முதல் தலைமுறை. 4-2-1 ஹெடரா, 4-1 ஹெடரா?

ப: உங்கள் காரில் ஏறக்குறைய 3500-இலிருந்து 4500 ஆர்பிஎம் வரை இழுவை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். அதன் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்இசட்டிலும் அதே கதைதான். சாலையில் முந்திப் போக நினைக்கிற நேரத்தில் சரியாக அங்கேதான் மாட்டிக்கொள்வோம். நாலு குழாயை இரண்டாக்கி, அப்புறம் ஒன்றாக்குகிற 4-2-1 நடு ஆர்பிஎம்மில் பரவலாக உதவும். நாலையும் ஒரே இடத்தில் சேர்க்கிற 4-1 மேல் ஆர்பிஎம்முக்கு. பள்ளத்தை நிரப்புவதுதான் நோக்கம் என்றால் நல்ல 4-2-1 போடுங்கள், கூடவே என்ஜினைக் கட்டுப்படுத்துகிற கணினியான இசியூவை டியூன் செய்துவிடுங்கள். ஹெடரை மட்டும் மாட்டிவிட்டு டியூனிங்கைத் தள்ளிப்போட்டால் பலனில் பாதிகூடக் கையில் வராது.

கே: என்னுடையது டர்போ கார். கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னால் முழு செட்டும் மாற்றினேன். சத்தம் பிரமாதம், வேகம் அப்படியே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: சத்தத்துக்காக வாங்கினீர்கள் என்றால் ஏமாறவில்லை. வேகத்துக்காக என்றால் தவறான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். டர்போ காரில் நெரிசல் பெரும்பாலும் டர்போவை விட்டு வெளியே வந்த உடனேயே, டவுன்பைப்பிலும் அதில் உட்கார்ந்திருக்கிற கேட்டலிஸ்ட்டிலும்தான். டர்போவுக்குள் இருக்கிற டர்பைன் சக்கரம் சுற்றுவதே முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில். பின்பக்கம் எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் பூஸ்ட், அதாவது டர்போ என்ஜினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தம், ஏறும். முன்னால் சொன்ன அலைக்கணக்கெல்லாம் டர்போவைத் தாண்டி வந்தபின் பெரிதாக எடுபடாது.

ஒரு எச்சரிக்கை. டவுன்பைப் மாற்றிவிட்டு டியூன் செய்யாமல் முழு வேகத்தில் மிதிக்காதீர்கள். வழி லேசாகிவிட்டால் சில கார்களில், கூடுதல் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடுகிற வேஸ்ட்கேட் தாக்குப்பிடிக்காமல் பூஸ்ட் நிர்ணயித்த அளவைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். பிஸ்டன் உடைந்த பிறகு வண்டியைக் கொண்டுவருவதைவிட ஒரு நாள் பொறுப்பது மேல்.

கே: புது சைலன்சர் போட்டதிலிருந்து நெடுஞ்சாலையில் 2700 ஆர்பிஎம் வந்தால் காருக்குள் 'ம்ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். மனைவிக்குத் தலை வலிக்கிறது. எனக்கும்தான், ஆனால் நான்தானே ஆசைப்பட்டுப் போட்டேன், சொல்ல முடியவில்லை. 4 சிலிண்டர் கார். பழையதையே மாட்டிவிடட்டுமா?

ப: மாட்ட வேண்டாம். வீட்டில் சொல்லிவிடுங்கள், இதற்கு மருந்து இருக்கிறது. நான் மிகவும் விரும்பிச் செய்கிற வேலையும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

4 சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2700-ஐ 60-ஆல் வகுத்தால் வினாடிக்கு 45 சுற்று, அதாவது 90 வெடிப்பு. ஆக உங்கள் காதில் விழுவது 90 ஹெர்ட்ஸ் ஒலி. காரின் உள்வெளியும் ஒரு பெட்டிதான், பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்து ஒலிக்குத் தானும் சேர்ந்து அதிரும். பழைய சைலன்சரின் அறைகள் சரியாக இந்த ஒலியைத்தான் தின்றுகொண்டிருந்தன. நேர்க்குழாய் சைலன்சரின் நார் கூர்மையான ஒலிகளை நன்றாக விழுங்கும், இவ்வளவு தாழ்ந்த ஒலியை அதனால் விழுங்க முடியாது. தரையில் ஒட்டுகிற ஒலித்தடுப்பு ஷீட்டுக்கும் இதே நிலைதான். அதை வாங்காதீர்கள்.

செய்ய வேண்டியது, பிரதான பைப்பிலிருந்து ஒரு கிளைக்குழாய் எடுப்பது. ஒரு முனை பிரதான பைப்பில் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். ஒலி அதற்குள் நுழைந்து, மூடிய முனையில் முட்டித் திரும்பி வரும்போது பிரதான பைப்பில் ஓடுகிற ஒலிக்கு நேர் எதிராக வந்து நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குழாயின் நீளம் அந்த ஒலியலையின் நீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். கிளைக்குழாய்க்குள் புகை ஓடாமல் நிற்பதால் மேனிஃபோல்டு அளவுக்குச் சூடு இருக்காது. அங்கே ஒலியின் வேகத்தை வினாடிக்கு 400 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400-ஐ 90-ஆல் வகுத்தால் அலை நீளம் 4.4 மீட்டர் சொச்சம். அதில் கால் பங்கு 1.1 மீட்டர். இடம் இல்லையென்றால் குழாயை வளைத்து மடக்கிக்கொள்ளலாம். புகை அந்தப் பக்கம் போகவே போகாது என்பதால் இழுவையில் எந்தக் குறையும் வராது.

கணக்கு நம்மைப் பக்கத்தில்தான் கொண்டுபோய் விடும், சரியான இடத்தில் அல்ல. சூடு காருக்குக் கார் மாறும். அதனால் கிளைக்குழாயை 10 சென்டிமீட்டர் கூடுதலாகவே வெட்டுவேன். முனையை மூடாமல், உள்ளே இறுக்கமாக நகர்கிற ஓர் இரும்பு அடைப்பானை வைத்து, வெளியிலிருந்து ஒரு நீள போல்டால் அதை முன்னும் பின்னும் நகர்த்துகிற மாதிரி செய்துகொள்வேன். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். கால் மணி நேரம் ஓடி எல்லாம் சூடான பிறகு 2700-இல் நிறுத்தச் சொல்லிக் கேட்பேன். ஓரமாக நிறுத்தி அடைப்பானை ஒரு சென்டிமீட்டர் நகர்த்துவேன், மறுபடியும் ஓட்டம். ஏழெட்டுத் தடவை போய்வர வேண்டியிருக்கும். ஏதோ ஒரு நகர்த்தலில் ரீங்காரம் சட்டென்று காணாமல் போகும். பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிட்டு வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். போல்டில் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு வந்து, அதே அளவில் வெட்டி மூடி வெல்டிங் வைத்துவிடுவேன்.

இன்னொன்று. கிளைக்குழாயை வால்முனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள் உண்டு. குழாய் வெளியில் திறக்கிற இடத்தில் ஒலியழுத்தம் குறைந்துவிடும். அங்கே வைத்தால் அழிக்க ஒன்றும் கிடைக்காது. சைலன்சருக்கு முன்னால், நடுப் பைப்பில் இடம் தேடுங்கள்.

கே: கேட்டலிஸ்ட்டைப் பிடுங்கிவிட்டு நேர்ப் பைப் போட்டால் எவ்வளவு குதிரைத்திறன் கூடும்?

ப: சாலையில் ஓடுகிற காருக்கு இதை நான் செய்து கொடுப்பதில்லை, செய்யுங்கள் என்று சொல்லவும் மாட்டேன். பெரும்பாலான நாடுகளில் இது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே பிடுங்க மனம் வராது என்றுதான் நினைக்கிறேன்.

உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் 400 துளை, சிலவற்றில் 600. துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். ஏறக்குறைய 250, 300 டிகிரி சூடு ஏறியதும் அது வேலையைத் தொடங்கும். கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக்கும், எரியாமல் வந்த பெட்ரோல் ஆவியை எரிக்கும், நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து வெறும் நைட்ரஜனாக்கும். இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்ய வேண்டுமானால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கலவையை விடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். முன்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் அதற்குத்தான். 1970-களின் நடுவில் வோல்வோ இந்தச் சென்சாரோடு மூவழிக் கேட்டலிஸ்ட்டைக் கொண்டுவந்த பிறகுதான் இன்றைய முறை பிறந்தது. காற்றைச் சுத்தமாக வைக்க யூஜின் ஹூட்ரி என்ற பொறியாளர் 1950-களில் தொடங்கி வைத்த வேலை அது. பெட்ரோலில் ஈயம் இருந்தவரை அவர் கருவியைக் கார்களில் ஓட்ட முடியவில்லை. ஈயம் அந்தப் பூச்சைக் கொன்றுவிடும்.

பிடுங்கினால் சீக்கிரமே பின் சென்சார் கண்டுபிடித்து, பி0420 என்ற கோடோடு என்ஜின் விளக்கை எரியவிடும். புகை கண்ணைக் கரிக்கும், வாடை துணியில் ஏறும். நல்ல நிலையில் இருக்கிற கம்பெனி கேட்டலிஸ்ட் சாலைக் காரில் தடுத்து வைக்கிற சக்தி நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. அழுத்தமானி கேட்டலிஸ்ட்டில்தான் நெரிசல் என்று காட்டினால், முதலில் அதைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். போன மாதம் ஒரு காரில் கழற்றிக் குலுக்கினேன். கிலுகிலுவென்று சத்தம். பீங்கான் நொறுங்கிப் பாதித் துளைகளை அடைத்திருந்தது. தீப்பொறிக்கு மின்சாரம் தருகிற இக்னிஷன் காயில் ஒன்று பழுதாகி எரியாத பெட்ரோல் வாரக்கணக்கில் அங்கே போய் எரிந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது 'பட் பட்' என்று வெடிக்கிற டியூனிங் செய்துகொள்கிறவர்களுக்கும் இதுதான் நடக்கும். அந்தக் காருக்கு 200 துளை உள்ள, உலோகக் கட்டியால் ஆன ஸ்போர்ட்ஸ் கேட்டலிஸ்ட் போட்டோம். உங்கள் ஊர்ச் சோதனையில் தேறக்கூடிய சான்றிதழோடு கிடைத்தால் அதுதான் நான் சொல்கிற வழி.

கே: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரே மழைக்காலத்தில் பழுப்பேறிவிட்டது. டைட்டானியத்துக்குப் போய்விடவா?

ப: ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பெரும்பாலும் 409 வகையாக இருக்கும். குரோமியம் சுமார் 11 சதவீதம், மேலே பழுப்பேறும், ஆனாலும் பல வருடம் உழைக்கும். கம்பெனிக்காரர்களே நிறைய பயன்படுத்துவது. 18 சதவீத குரோமியமும் 8 சதவீத நிக்கலும் உள்ள 304 வகையில் காந்தம் ஒட்டாது, வளைவுகளில் மட்டும் லேசாக இழுக்கலாம். அது துருப்பிடிக்காது. சூட்டில் முதலில் பொன்னிறமாகி, அப்புறம் நீலம் பாயும். அது அழுக்கில்லை, தேய்க்காதீர்கள்.

டைட்டானியம் எஃகின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம்தான். பந்தயத்தில் ஒவ்வொரு கிலோவையும் எண்ணுகிறவர் என்றால் வாங்குங்கள். சாலைக்கு 304 போதும். அதைவிட முக்கியம் வெல்டிங். பைப்பின் உள்பக்கம் எட்டிப் பாருங்கள். உள்ளே ஆர்கான் வாயு விடாமல் வெல்டிங் வைத்திருந்தால் மூட்டின் உட்புறம் கருத்து, சர்க்கரை உறைந்த மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். விரிசல் அங்கேதான் தொடங்கும்.

கே: என் வி8-க்கு எவ்வளவு விலை உயர்ந்த சைலன்சர் போட்டாலும் ஃபெராரி மாதிரி கத்த மாட்டேன் என்கிறதே?

ப: கத்தாது. சத்தத்தின் குணத்தை, பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க் ஷாஃப்ட் முடிவு செய்துவிடுகிறது, சைலன்சர் அதைக் கூட்டிக் குறைக்க மட்டும்தான் முடியும். உங்களுடையது குறுக்குத்தள கிராங்க். ஒவ்வொரு பக்கத்து நாலு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிக்காது. 90 டிகிரியில் ஒன்று, 270-இல் ஒன்று என்று தட்டுத்தடுமாறி வரும். அந்த 'குடுகுடு' அதன் பிறவிக் குரல். ஃபெராரியின் வி8 தட்டைத்தள கிராங்க். ஒவ்வொரு பக்கமும் 180 டிகிரிக்கு ஒன்றென்று சீராக வெடிக்கும், அதனால் கத்தும். எக்ஸ் வடிவ இணைப்புப் பைப் போட்டால் இரண்டு பக்கமும் கலந்து குரல் கொஞ்சம் மேலேறி மென்மையாகும். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

500 கார்கள் மட்டுமே செய்யப்பட்ட லெக்சஸ் எல்எஃப்ஏவை நினைத்துப் பாருங்கள். அதன் வி10 9000 ஆர்பிஎம் போகும்போது வினாடிக்கு 750 வெடிப்பு. யமஹாவின் இசைக்கருவிப் பொறியாளர்களும் அந்த ஒலிக்கு உழைத்தார்கள். ஆனால் அவர்கள் கையில் எடுத்தது அந்த என்ஜினின் சொந்தக் குரலை. உங்கள் வி8-இன் குரலும் கேட்கக் கேட்கப் பிடித்துப்போகிற குரல்தான், அதை அதாகவே இருக்க விடுங்கள்.

கே: காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பழுதா?

ப: இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான பிறகு ஆவியாகப் போய்விடும். தினமும் ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டுகிற காரில் அது உள்ளேயே தங்கித் துருவாகும். வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

கே: புது எக்ஸாஸ்ட்டை நானே வீட்டில் மாட்டலாம் என்றிருக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

ப: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள். ஸ்டாண்டு நாலும் வைத்து, காரை உலுக்கிப் பார்த்த பிறகு படுங்கள். முந்தின நாளே எல்லா நட்டுக்கும் துரு நீக்கி எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். ரப்பர் மவுண்டில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். சென்சாருக்கு 22 மில்லிமீட்டர் ஸ்பேனர், வயர் போக வெட்டு விட்ட சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. மரையில் தடவுகிற பிடிப்பு நீக்கிப் பசை சென்சாரின் நுனியில் படக்கூடாது.

கிளாம்புகளை முதலில் தளர்வாகவே வைத்து எல்லாவற்றையும் நேராக்கிவிட்டு, முன்னாலிருந்து பின்னாலே இறுக்கிக்கொண்டு வாருங்கள். டிப்புக்கும் பம்பருக்கும் நடுவே இடைவெளி விட மறக்காதீர்கள். 3 மீட்டர் 304 பைப் 400 டிகிரி சூடேறினால் 2 சென்டிமீட்டர் நீளும். குளிர்ந்திருக்கும்போது ஒட்டி உரசுகிற மாதிரி மாட்டினால் அன்று மாலையே பம்பர் உருகி நிற்கும்.

கே: அப்பா வைத்திருந்த பழைய இரண்டு இருக்கைத் திறந்த காரை இப்போது நான் ஓட்டுகிறேன். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், சூடானால் நின்றுவிடுகிறது. கூரையை மூடி ஓட்டினால் புகை வாடையும் கொஞ்சம் தலைவலியும் வருகிறது. அப்பா கேட்டுப் பழகிய அதே சத்தம் வேண்டும் என்பதால் பழைய எக்ஸாஸ்ட்டை மாற்ற மனமில்லை. எப்படிப் பாதுகாப்பது?

ப: தங்கையே, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். இதழ் அச்சாகும் வரை காத்திருக்க மனமில்லாமல் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு யாரும் இருக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அந்த டிக் சத்தம் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருப்பதன் அடையாளம். சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால் சத்தம் நிற்கிறது. கூரை மூடியிருக்கும்போது தலைவலி என்றால் புகை எங்கோ உள்ளே வருகிறது. ஓடுகிற காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்திருப்பதால், பின்பக்கத்துக் கசிவும் கூரை இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும். உங்களுக்கு அடிக்கிற வாடை மற்ற வாயுக்களுடையது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலிக்கு அடுத்து வருவது தூக்கக் கலக்கம், அப்புறம் மயக்கம்.

சைலன்சர் மாற்ற வேண்டியிருக்காது, அப்பாவின் சத்தம் அப்படியே இருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஊதுகிற பக்கம் உள்ள வேக்குவம் கிளீனரின் குழாயை டிப்பில் துணி சுற்றிச் செருகி ஊதவிடச் சொல்லுங்கள். எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிகிற இடத்தில் குமிழி கிளம்பும். கசிவைச் சுற்றிக் கரி படிந்திருப்பதும் கண்ணுக்குத் தெரியும். மேனிஃபோல்டு கேஸ்கெட்டை மாற்றச் சொல்லுங்கள், மேனிஃபோல்டின் முகம் கோணியிருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பைப்பில் துருத்துளை இருந்தால் அந்த அளவுத் துண்டை மட்டும் வெட்டி, புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்யலாம். தரைத்தகட்டில் இருக்கிற ரப்பர் அடைப்பான்களையும் டிக்கியின் ரப்பர் பட்டையையும் புதிதாகப் போடுங்கள்.

இதெல்லாம் முடிகிற வரை அந்தக் காரைக் கூரை திறந்துகூட ஓட்ட வேண்டாம். பட்டறைக்கும் இழுவை வண்டியிலேயே கொண்டுபோங்கள்.